மழை நோட்டு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வேளாண்மைத் துறையில் உதவி வேளாண்மை அலுவலராக தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். காரிமங்கலம் பக்கம் எங்கள் ஊரில் தினமும் காலை எட்டரை மணிக்கு மழையை அளந்து ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். அதைப் பற்றிப் போன இதழில் எழுதியதும் நிறைய கடிதம் வந்தது. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

தென்மேற்குப் பருவமழை நம் மாவட்டத்தில் இயல்பான அளவு என்று ரேடியோவில் சொல்கிறார்கள். என் இரண்டு ஏக்கர் ராகி கதிர் பிடிக்காமல் கருகிவிட்டது. அவர்கள் கணக்கு தப்பா, என் கண் தப்பா?
*பென்னாகரம் வாசகர்*

ரேடியோ சொன்னதும் உண்மை, உங்கள் ராகி கருகியதும் உண்மை. இரண்டும் எப்படி ஒரே வருடத்தில் நடக்கும் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

வானிலைத் துறை ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை பெய்ததை எல்லாம் கூட்டும். 1971 முதல் 2020 வரை ஐம்பது வருடத்துச் சராசரியோடு அதை ஒப்பிடும். 19 சதவீதம் கூடினாலும் சரி, குறைந்தாலும் சரி, பெயர் 'இயல்பு'தான். 20 முதல் 59 சதவீதம் வரை குறைந்தால் 'குறைவு'. 60ஐத் தொட்டால் 'மிகக் குறைவு'. இந்தக் கூட்டலில் எந்தத் தேதியில் பெய்தது என்பதற்கு இடமே இல்லை. ராகிக்கோ தேதிதான் உயிர். தூர் கட்டும்போது ஒரு மழை, கதிர் வெளிவரும்போது ஒரு மழை வேண்டும். அந்த இரண்டும் தப்பிவிட்டால், அறுவடைக்கு நிற்கிற சமயத்தில் வானமே பிளந்து கொட்டினாலும் வைக்கோல்கூட ஒழுங்காக மிஞ்சாது.

மழை இல்லாத நாளுக்கு என் நோட்டில் சிவப்பு மையில் ஒரு சுழி போடுவேன், பெய்த நாளுக்கு நீல மையில் மில்லிமீட்டர். ஒரு வருடம் ஆகஸ்ட் மாதப் பக்கம் மேலிருந்து கீழ்வரை சிவப்பாகவே இருந்தது. கடைசி நாளில் மட்டும் நீலத்தில் ஒரு பெரிய எண். அந்த ஒற்றை எண் மாதக் கூட்டலைத் தூக்கி நிறுத்திவிட்டது. பக்கத்து நிலத்துக்காரர் அதற்கு ஒரு வாரம் முன்பே தன் சாமையை மாட்டை விட்டு மேய்த்துவிட்டார். அவர் வரப்பில் நின்று மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை. மாதக் கணக்கை மட்டும் பார்க்கிறவருக்கு அந்த ஆகஸ்ட் நல்ல ஆகஸ்ட்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆடி, ஆவணியில் நமக்கு வருவது பெரும்பாலும் பகல் வெயிலில் சூடேறி மாலையில் இடியோடு இறங்குகிற மழை. வெப்பச்சலன மழை என்பார்கள். எருதின் ஒரு கொம்பு நனையும், மறு கொம்பு காயும் என்று எங்கள் பக்கம் பெரியவர்கள் சொல்வது இந்த மழையைத்தான். மழைமானி இருப்பது தாலுகா ஆபீஸிலோ அணைக்கட்டிலோ. உங்கள் காடு அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். மானியில் விழுந்த மழை உங்கள் காட்டில் விழுந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

அதனால் இனிமேல் யாராவது "இத்தனை சதவீதம்" என்று சொன்னால், நீங்கள் இரண்டு கேள்வி கேளுங்கள். மழை நாள் எத்தனை? நடுவில் மழையே இல்லாமல் போன நீண்ட இடைவெளி எத்தனை நாள்? வானிலைத் துறைக் கணக்கில் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்தால்தான் அது மழை நாள். தூறிவிட்டுப் போனது சேராது. அடுத்த கிராம சபையில் வேளாண்மை அலுவலரிடம் இந்த இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். வறட்சி நிவாரணம் பற்றிப் பேசும்போது சதவீதத்தைவிட இந்த இடைவெளிதான் உங்கள் பக்கம் நின்று பேசும்.

2024 டிசம்பரில் எங்கள் ஊரில் 50 சென்டிமீட்டர் மழை என்றார்கள். 50 சென்டிமீட்டர் என்றால் முழங்கால் அளவுதானே, அதற்கா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நின்ற வண்டியெல்லாம் அடித்துக்கொண்டு போனது? மறுபடியும் அப்படி வருமா?
*ஊத்தங்கரை வாசகி*

அம்மா, நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. முழங்கால் அளவு என்பது சரிதான். ஆனால் ஊத்தங்கரை முழுக்க, சுற்றியுள்ள மேடு, கரடு, காடு எல்லாவற்றின் மேலும் அதே முழங்கால் அளவு விழுந்தது. விழுந்த இடத்தில் அது நிற்காது, பள்ளம் பார்த்து ஓடும். பத்து மேட்டுத் தண்ணீர் ஒரு பள்ளத்தில் சேர்ந்தால் அந்தப் பள்ளத்தில் முழங்கால் கணக்கு செல்லாது.

சரியான அளவு 503 மில்லிமீட்டர். டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் பதிவானது. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,047 லிட்டர். அப்படியானால் 503 மில்லிமீட்டருக்கு ஒரு ஏக்கரில் இருபது லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் பிடிக்கிற தண்ணீர் லாரியில் கணக்குப் போட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 170 லாரி. ஒரே நாளில், ஒவ்வொரு ஏக்கரிலும். வடகிழக்குப் பருவம் மூன்று மாதத்துக்கும் சேர்த்து மாநிலத்தின் சராசரியே 44 சென்டிமீட்டர்தான். உங்கள் ஊர் அதை ஒரே நாளில் தாண்டியது.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரி பக்கத்தில் கரை ஏறியது. ஏறியதும் மேற்கே ஓடிவிடவில்லை, அங்கேயே மணிக்கணக்கில் நகராமல் உட்கார்ந்துவிட்டது. பிறகு மெல்ல வலு குறைந்து விழுப்புரம், திருவண்ணாமலை வழியாக நம் பக்கம் வந்தது. 'புயல் வலுவிழந்தது' என்று செய்தியில் சொன்னதும் நம்மில் பலர் நிம்மதியாகப் படுத்தோம். நானும் படுத்தேன். வலுவிழப்பது காற்று. மழை வலுவிழக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மெதுவாக நகர்கிற புயல், போகிற வழியில் எங்கே நிற்கிறதோ அங்கே கொட்டும்.

அன்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து என் மழை டப்பாவைப் பார்த்தேன், பாதி இருந்தது. எட்டரைக்குப் பார்க்கும்போது விளிம்பைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் அன்றைக்கு மட்டும்தான் நோட்டில் எண்ணுக்குப் பதிலாக 'டப்பா போதவில்லை' என்று எழுதினேன். அதே ராத்திரி சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி வரை தென்பெண்ணையில் திறந்துவிட்டார்கள். கீழே விழுப்புரமும் கடலூரும் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்.

மறுபடி வருமா? அதே இடத்தில் அதே அளவு வரும் என்று தேதி குறித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் கடலும் காற்றும் சூடேறிக்கொண்டே போகின்றன. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும். சுமந்ததை இறக்கும்போது மொத்தமாக இறக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஆகவே, கடல் நமக்கு எட்டாத தூரம், புயல் சென்னைக்காரர் கவலை என்று இருந்த காலம் போய்விட்டது. 20 சென்டிமீட்டருக்கு மேல் எதிர்பார்த்தால்தான் சிவப்பு எச்சரிக்கை விடுவார்கள். சிவப்பு என்று கேட்ட அன்றைக்கே வண்டியை ஏரிக்குக் கீழ்ப்பக்கம் நிறுத்தாதீர்கள், மாட்டை மேட்டில் கட்டுங்கள், பட்டா, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மேல் பரணில் வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள், கரண்ட் போனால் போனில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஆற்றில் வெள்ளம் போகிறது, எங்கள் ஏரியில் பாதிகூட நிரம்பவில்லை. நாலு மாதத்தில் போரும் வற்றிவிடுகிறது. ஒகேனக்கல்லில் லட்சக்கணக்கான கன அடி போவதை டிவியில் காட்டும்போது வயிறு எரிகிறது. நாம் என்ன பாவம் செய்தோம்?
*காரிமங்கலம் வாசகர்*

பக்கத்து ஊர்க்காரராக இருப்பீர்கள் போலிருக்கிறது. உங்கள் வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு.

ஒகேனக்கல்லை முதலில் முடித்துவிடுகிறேன். காவிரி அங்கே பள்ளத்தில் ஓடுகிறது, நம் ஊர்கள் மேட்டில் இருக்கின்றன. பம்பு வைத்து ஏற்றினால்தான் வரும். குடிதண்ணீருக்கு அப்படித்தான் ஏற்றி, 2013 முதல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் நமக்குக் கொடுக்கிறார்கள். நம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலந்திருக்கிறது, பல்லில் கறையும் எலும்பில் வலியும் வருகிறது என்பதால் வந்த திட்டம் அது. போரை ஆழப்படுத்திக்கொண்டே போவதால் பல இடங்களில் இந்த ஃபுளோரைடும் கூடும் என்பதை மறக்காதீர்கள். உபரி நீரை ஏற்றி ஏரிகளை நிரப்ப வேண்டும் என்பது நம் மாவட்டத்தின் நெடுநாள் கோரிக்கை. தென்பெண்ணையிலும் எண்ணேகொல்புதூரிலிருந்து தும்பலஅள்ளிக்கு, அலியாளத்திலிருந்து தூள்செட்டி ஏரிக்கு என்று கால்வாய்த் திட்டங்கள் இருக்கின்றன. இவற்றையெல்லாம் விடாமல் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தண்ணீர் வந்தாலும் உங்கள் ஏரிக்குள் நுழைய வாசல் திறந்திருக்கிறதா?

எங்கள் ஊர்க் கதையைச் சொல்கிறேன். 2024 ஏப்ரலில் எங்கள் ஏரிக்குள் பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடினார்கள். அதே வருடம் டிசம்பர் 2ஆம் தேதி, ஏரிக்கு மேற்கே இருக்கிற தெருவில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. ஒரு பாட்டியைக் கட்டிலோடு தூக்கி வந்து கோயில் திண்ணையில் வைத்தார்கள். அப்போதும் ஏரி முக்கால்தான். எனக்கு அது பொறுக்கவில்லை. தெரு முழுகுகிறது, ஏரி நிரம்பவில்லை என்றால் தண்ணீர் எங்கேயோ வழி தெரியாமல் நிற்கிறது என்றுதானே அர்த்தம்.

பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏழு பேர் கரட்டு அடிவாரத்திலிருந்து, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால்வாயில் இறங்கி நடந்தோம். கையில் கொடுவாள், ஒரு டேப்பு. மேலே, பழைய கல்கட்டு இருக்கிற இடத்தில் அகலம் பதினோரு அடி. அரை கிலோமீட்டர் கீழே வேலிக்காத்தான் முள் இரண்டு பக்கமும் மூடி, ஒருவர் குனிந்துதான் போக முடிந்தது. அதற்கப்புறம் ஒரு மாந்தோப்பு. கால்வாய்க் கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டித் தோப்போடு சேர்த்திருந்தார்கள், அங்கே அகலம் ஐந்தடி. கடைசியில் ரோடு. ரோட்டுக்கு அடியில் பதினோரு அடிக் கால்வாய்க்கு ஒன்றரை அடிக் குழாய் ஒன்று. அதன் வாயில் பிளாஸ்டிக் பை, தேங்காய் மட்டை, ஒரு செத்துப்போன கோழி. அந்தக் குழாய் வாயில் நான் ரொம்ப நேரம் நின்றேன். ஏப்ரலில் கிரிக்கெட் ஆடியதற்கும் டிசம்பரில் பாட்டியைத் தூக்கியதற்கும் காரணம் அந்தக் குழாய்தான்.

முள்ளை நாங்களே வெட்டினோம், நாலு ஞாயிறு ஆனது. தோப்புக்காரர் முதலில் சண்டைக்கு வந்தார். சர்வேயர் வந்து அளந்து கல் நட்டதும் விட்டுக்கொடுத்தார், இப்போது பேசவும் செய்கிறார். குழாயைப் பெரிதாக்க மனு கொடுத்திருக்கிறோம், இன்னும் அலைகிறோம். ஏரி வண்டலைத் தாசில்தார் அனுமதியோடு விவசாயிகள் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். அதை எடுத்தால் காட்டுக்கும் நல்லது, ஏரிக்கும் நல்லது. ஆனால் வாசலை விட்டுவிட்டு ஏரியை மட்டும் ஆழப்படுத்தினால் ஆழமான காய்ந்த ஏரிதான் கிடைக்கும். எங்கள் அப்பா காலத்தில் ஏரி நிரம்பி கோடி போனால், அதாவது உபரி நீர் வழிந்தால், கிடா வெட்டிப் பூசை போடுவார்கள். அதற்கு முன்னால், வைகாசியிலேயே, வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு கால்வாய்க்கு வர வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. பூசையை வைத்துக்கொண்டோம், மண்வெட்டியை விட்டுவிட்டோம்.

நீங்கள் உங்கள் கால்வாயை ஒருமுறை நடந்து பாருங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.

எல் நினோ வருடம் என்றால் நமக்குப் பஞ்சம்தானே?
*மொரப்பூர் வாசகர்*

அப்படி முடிவு கட்ட வேண்டாம். எல் நினோ என்பது பசிபிக் கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாவது. அது பல சமயம் தென்மேற்குப் பருவத்தைக் கெடுக்கும், வடகிழக்கைத் தூக்கிக் கொடுக்கும். 2015 எல் நினோ வருடம்தான், சென்னை மூழ்கியது. அடுத்த வருடம், 2016இல் எல் நினோ அடங்கிய பிறகு, வடகிழக்குப் பருவமழை மாநிலத்தில் 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. நம் மாவட்டம் இரண்டு பருவத்தையும் நம்பி இருப்பதால் ஆடியில் அழுது கார்த்திகையிலும் அழுகிற வருடம் வரலாம். இரண்டுக்கும் தயாராக இருப்பதுதான் நமக்குச் சரி.

தக்காளி பறிக்கிற சமயத்தில் மழைத் தண்ணீர் நின்று செடி அழுகிவிட்டது. இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறேன். பணம் வருமா?
*பாலக்கோடு வாசகர்*

முதலில், பயிர்க் காப்பீட்டில் தண்ணீர் தேங்குவது, ஆலங்கட்டி மழை மாதிரி உங்கள் வயலில் மட்டும் நேர்கிற சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நாலாவது நாள் போனால் நஷ்டம் உங்களுடையது. தண்ணீர் நிற்கும்போதே, வரப்பும் பக்கத்து அடையாளமும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துவிடுங்கள். வடிந்த பிறகு எடுத்த போட்டோ யாரையும் நம்ப வைக்காது. அடங்கலில், அதாவது கிராமப் பயிர்ப் பதிவேட்டில், தக்காளி என்று ஏறியிருக்கிறதா என்று விதைத்த மாதமே பாருங்கள். நான் வேலையில் இருந்தபோது, தரையில் தக்காளி, அடங்கலில் தரிசு என்று எத்தனை பேர் கண்ணீரோடு நின்றார்கள் என்று சொல்லி முடியாது.

அரசு நிவாரணம் இதற்கு வேறு. 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் இருக்க வேண்டும். ஃபெஞ்சல் சமயத்தில் மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000 ரூபாய் அறிவித்தார்கள். ஒரு ஏக்கர் தக்காளிக்கு ஆகிற குச்சி, கயிறு, நாற்றுச் செலவோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு குறைவு என்று உங்களுக்கே தெரியும். இதைக் கூட்ட வேண்டும் என்று நாம் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும்.

ஆடிப்பட்டத்துக்கு மழையே வரவில்லை. ஆவணி பாதி போய்விட்டது. என்ன விதைப்பது?
*அஞ்செட்டி வாசகி*

துவரை, நிலக்கடலையை விட்டுவிடுங்கள், நாள் போதாது. நல்ல மழை ஒன்று கிடைத்தால் சாமை போடலாம். அதுவும் தப்பினால் புரட்டாசியில் கொள்ளு. கொள்ளு நம் செம்மண்ணுக்குப் பிள்ளை மாதிரி, பனி ஈரத்திலேயே எழுந்து நிற்கும். பையூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கொள்ளு ரகங்கள் இருக்கின்றன, பாப்பாரப்பட்டி, எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையங்களில் கேளுங்கள். மேல் மண் நனைந்ததைப் பார்த்து அவசரப்படாமல், மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தி, ஒரு சாண் ஆழம்வரை ஈரம் கோர்த்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு விதையுங்கள். விதையை ஒரே நாளில் தீர்த்துவிடாமல் மூன்றில் ஒரு பங்கைக் கையில் வைத்திருங்கள்.

ஐயா, நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் வீட்டிலும் மழையை அளக்க ஆசை. மழைமானி வாங்கக் காசு இல்லை. என்ன செய்வது?
*கம்பைநல்லூர் மாணவி*

வாங்கவே வேண்டாம் பாப்பா. மேலும் கீழும் ஒரே அகலமாக இருக்கிற டப்பா ஒன்று எடுத்துக்கொள். பிஸ்கட் டப்பா, பெயிண்ட் டப்பா எதுவானாலும் சரி, கொஞ்சம் உயரமாக இருக்கட்டும். கூரைத் தண்ணீர், மரத்துச் சொட்டு விழாத வெட்டவெளியில், தரையிலிருந்து தெறிக்காதபடி இரண்டு செங்கல் மேல் நேராக வை, காற்றில் சாயாமல் சுற்றிக் கல் கொடு. காலை எட்டரைக்கு உன் ஸ்கூல் ஸ்கேலை உள்ளே நேராக விட்டுப் பார். ஸ்கேலில் சுழி விளிம்பிலிருந்து ஆரம்பிக்காவிட்டால் அந்த இடைவெளியைக் கூட்டிக்கொள். தண்ணீர் எத்தனை மில்லிமீட்டரோ அதுதான் மழை. டப்பா பெரிதா சிறிதா என்பது கணக்கில் வராது, ஏன் என்று உன் கணக்கு டீச்சரிடம் கேள், சந்தோஷப்படுவார். அளந்ததும் கொட்டிவிட்டுத் திரும்ப வை. பள்ளிக்கூடம் எட்டரைக்கு முன்பே கிளம்ப வேண்டும் என்றால் பாட்டியிடம் சொல்லிவிட்டுப் போ, அவர்கள் உன்னைவிடச் சரியாகப் பார்ப்பார்கள்.

மழை பெய்யாத நாளிலும் நோட்டை எடுத்துத் தேதி போட்டு '0' எழுது. எழுதாமல் விட்டால், அன்று மழை இல்லையா, நீ பார்க்க மறந்துவிட்டாயா என்று அடுத்த வருடம் உனக்கே தெரியாது. ஆறு மாதம் எழுதிவிட்டு நோட்டை எனக்கு அனுப்பு. என் நோட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.